கம்பியா, தங்கூசியா? சுறா ஏறாத தூண்டிலுக்கு எதை முதலில் மாற்றுவது

நீர்கொழும்பில் என் மச்சான் ஓட்டும் பலநாள் படகில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்தப் பருவத்தில் அதன் நெடுந்தூண்டிலை ஏறக்குறைய முழுதாக மாற்றவேண்டிய நிலை. கிளைக்கயிறு, கொக்கி, மிதவைக்கயிறு எல்லாமே தேய்ந்துவிட்டன. எப்படியும் காசு போகத்தான் போகிறது, போகிற காசு சுறா குறைவாக ஏறும்படி போகட்டுமே என்று பேச்சு வந்தது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. எதில் முதலில் கை வைப்பது என்பதில்தான் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம்.

ஹட்டனில் கருவாட்டுக் கடை வைத்திருப்பவனுக்குக் கடல் தூண்டிலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் தூண்டிலில் ஏறும் சுறாவில் ஒரு பகுதி உப்பேறிக் காய்ந்து, அவிசாவளை, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறி, கடைசியில் என் கடை வாசலில்தான் இறங்குகிறது. படகிலும் எனக்குப் பங்கு, கருவாட்டிலும் எனக்கு லாபம். இந்த இரட்டை வேடத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே நான் சொல்வதை அதையும் மனதில் வைத்தே எடை போடுங்கள்.

கடல் பக்கம் அதிகம் போகாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். நெடுந்தூண்டில் என்பது கிலோமீட்டர் கணக்கில் நீளும் ஒரு தாய்க்கயிறு. மிதவைகள் அதைத் தாங்கும். தாய்க்கயிற்றிலிருந்து இடைவெளி விட்டு விட்டுக் கிளைக்கயிறுகள் தொங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் இரை குத்திய கொக்கி. நூற்றுக்கணக்கான கொக்கிகளை விட்டு, மணிக்கணக்கில் ஊறப்போட்டு, பிறகு இழுப்பார்கள். நாங்கள் எதிர்பார்ப்பது கெலவல்லா என்ற மஞ்சள் செட்டைச் சூரை, பெரிய கண் சூரை, தலபத். அதே இரைக்கு வாய் வைக்க வருவது பட்டுச்சுறா, நீலச்சுறா, சில நேரம் மாகோ, சுத்தியல் தலை கொண்ட கொம்பன் சுறா, நீண்ட வால் கொண்ட கசைவால் சுறா.

சுறா ஏறினால் படகுக்கு என்ன நட்டம்? முதலாவது ஐஸ். எங்கள் படகில் உறைகுளிர் அறை கிடையாது. கரையிலிருந்து ஏற்றிப்போன ஐஸ்தான், வாரக்கணக்கில் அதை வைத்தே சமாளிக்க வேண்டும். ஏற்றுமதித் தரத்தில் ஒரு கெலவல்லா வைக்கவேண்டிய இடத்தை ஒரு சுறா அடைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கும். சுறாவின் தசையில் யூரியா அதிகம். செத்த கொஞ்ச நேரத்திலேயே அது அமோனியாவாக மாறத் தொடங்கிவிடும், பக்கத்தில் நின்றாலே மூக்கில் ஏறும். சுறா பெரும்பாலும் பச்சையாக விலை போகாமல் உப்பில் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது, தூண்டிலில் மாட்டித் துடிக்கும் நல்ல சூரையைச் சுறா கடித்துக் குதறிவிட்டுப் போகும். தலை மட்டும் மேலே வரும்.

கடலுக்கு என்ன நட்டம் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970இலிருந்து பெருங்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை உலக அளவில் 71 வீதம் வீழ்ந்துவிட்டது என்று 2021இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. மீன் என்றாலே லட்சம் முட்டை போடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சுறா அந்த வகையில்லை. பெரிய கண் கசைவால் சுறா ஒரு தடவைக்குப் பெரும்பாலும் இரண்டே குட்டிதான் போடும், அதுவும் வயதுக்கு வரப் பல வருடம் காத்திருந்து. நீலச்சுறா முப்பது, நாற்பது என்று தாராளமாகப் போடும், அதனால்தான் அது இன்னும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது.

சரி, இப்போது தெரிவுகளுக்கு வருவோம்.

முதலில் கம்பி. கொக்கிக்கு மேலே உள்ள கடைசித் துண்டை எங்கள் படகில் உருக்குக் கம்பியால் கட்டியிருக்கிறோம். பல படகுகளில் அது தங்கூசிதான், ஒற்றை இழை நைலோன். கம்பி கட்டினால் சுறா கடித்தாலும் அறாது. தங்கூசி கட்டினால் சுறா பல்லால் அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்குக் கயிற்றை அறுக்கும் பல் இல்லை, அறுப்பதைப் பொறுத்தவரை அதற்குக் கம்பியும் தங்கூசியும் ஒன்றுதான். ஆக, கம்பி கட்டிய படகு, சொன்னாலும் சொல்லாவிட்டாலும், சுறாவையும் சேர்த்துப் பிடிக்கத்தான் போகிறது. முழு விஷயமும் இந்த ஒரு முழம் கயிற்றில் இருக்கிறது.

இதை அவுஸ்திரேலியாவில் நேர்த்தியாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே தாய்க்கயிற்றில் கம்பியும் நைலோனும் கலந்து கட்டி, எதில் என்ன ஏறுகிறது என்று எண்ணினார்கள். நைலோனில் சுறா குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, பெரிய கண் சூரை நைலோனில் கூடுதலாக ஏறியது. கம்பி அதன் கண்ணுக்குத் தெரிகிறது, மெல்லிய இழை தெரிவதில்லை என்பது அவர்கள் தரும் விளக்கம். பெரிய கண் சூரை விலையுள்ள மீன் என்பதால், அறுந்து தொலையும் கொக்கிகளின் செலவைக் கழித்தாலும் படகுக்கு லாபம் என்று கணக்குக் காட்டினார்கள். அந்த நாட்டின் கிழக்குக் கடல் சூரைத் தொழிலில் 2005இலேயே கம்பியைத் தடை செய்துவிட்டார்கள். ஹவாய்ப் படகுகள் 2021இல் தாங்களாகவே கம்பியைக் கழற்றத் தொடங்கின, 2022இல் அங்கே அது சட்டமாகவே வந்தது. மேற்கு, மத்திய பசுபிக்கின் வெப்பவலயத்தில் 2024 முதல் தடை.

மச்சானுடைய மறுப்பு வேறு இடத்திலிருந்து வந்தது. "கொக்கி போகும். ஒவ்வொரு இழுப்பிலும் எத்தனை கொக்கி போகும் என்று நீ எண்ணிப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். இல்லைதான். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவனுக்குக் கொக்கி ஒரு வரி. கடலில் நிற்பவருக்கு அது இரவு முழுவதும் முடிச்சுப் போடும் வேலை. ஆனால் கம்பிக்குப் பதில் தங்கூசி வாங்கும்போது மிஞ்சும் காசு அந்தக் கொக்கியில் ஒரு பகுதியைத் தாங்கும். தவிர, கம்பி வளைந்து முறுகிவிட்டால் அந்தத் துண்டைத் தூக்கி எறிய வேண்டும், தங்கூசியை நுனியை வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம்.

ஒரு ஆபத்து மட்டும் உண்மையிலேயே யோசிக்க வைத்தது. கொக்கிக்குப் பக்கத்தில் ஈயக் கட்டி கோர்த்திருந்தால், பெரிய மீன் ஒன்று பக்கவாட்டில் வந்து நிற்கும்போது இழுவை தாங்காமல் தங்கூசி அறுந்ததும், அந்த ஈயம் சுண்டுவில் கல் மாதிரித் திரும்பி வந்து ஆளின் முகத்தில் அடிக்கும். இதனால் கண் போனவர்கள், உயிர் போனவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். ஹவாய்க்காரர்கள் இத்தனை காலம் கம்பியை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவே பெரிய காரணம். அறுந்தால் வழுக்கிக் கழன்றுவிடும் வகை ஈயம் வாங்குவது, இழுக்கும் இடத்தில் தலைக்கவசம் போடுவது என்று வழிகள் உண்டு. தலைக்கவசத்தை யாரும் போடப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். அதனால் வழுக்கும் ஈயத்தை மட்டும் கட்டாயமாக்கலாம்.

அறுத்துக்கொண்டு போன சுறா எல்லாம் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வாயில் கொக்கியும் அதில் தொங்கும் இழையுமாகப் போகிற உயிர் அது. எவர்சில்வர் கொக்கி என்றால் வருடக்கணக்கில் அப்படியே குத்திக்கொண்டிருக்கும். சாதாரண இரும்புக் கொக்கி உப்புத் தண்ணீரில் துருப்பிடித்து உதிர்ந்துவிடும். ஆகவே தங்கூசிக்கு மாறுகிறவர்கள் எவர்சில்வர் கொக்கி வாங்கக் கூடாது. இரும்புக் கொக்கி மலிவும்கூட.

இரண்டாவது தெரிவு கொக்கியின் வடிவம். இதைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஆர்வமாகச் சொல்வது வட்டக் கொக்கி. கொக்கியின் முனை உள்பக்கமாக, தண்டை நோக்கி வளைந்திருக்கும். மீன் விழுங்கினாலும் தொண்டையில் குத்தாமல் வழுக்கி வந்து தாடை ஓரத்தில் மாட்டும். ஆமைகளுக்கு இது வரம். வடமேற்கு அத்திலாந்திக்கில் பெரிய வட்டக் கொக்கியையும் கணவாய்க்குப் பதில் கானாங்கெளுத்தி இரையையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது பெருந்தலை ஆமை மாட்டுவது ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்தது. அந்தப் புகழில்தான் சுறாவுக்கும் இதுவே மருந்து என்று பேச்சுப் பரவியது.

சுறா விஷயத்தில் அது சரியில்லை. வட்டக் கொக்கியில் சுறா குறைவதில்லை, சில இடங்களில் கொஞ்சம் கூடவே ஏறியிருக்கிறது. காரணம் யோசித்தால் புரியும். J எழுத்து வடிவில் இருக்கும் பழைய ஜே கொக்கியைச் சுறா ஆழமாக விழுங்கும்போது இழை அதன் பற்களுக்கு நடுவே கிடக்கும், இரண்டு கடியில் அறுந்துவிடும். வட்டக் கொக்கி தாடை ஓரத்தில் மாட்டுவதால் இழை பல்லில் படாமல் வெளியே நிற்கிறது, அறுப்பதற்கு வழியில்லை. அதாவது தங்கூசியின் வேலையை வட்டக் கொக்கி ஓரளவு கெடுக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கிவிட்டு இரட்டிப்புப் பலன் கிடைக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் தாடையில் மாட்டிய சுறா உயிரோடு மேலே வரும், குடலைக் கிழித்துக்கொண்டு வராது. விடுவிக்க மனமுள்ள படகில் அது பெரிய வித்தியாசம். மனமில்லாத படகில் ஒன்றுமில்லை. வட்டக் கொக்கியின் பலன் கொக்கியில் பாதி, அதை இழுக்கும் கையில் பாதி. தங்கூசி அப்படியில்லை, யார் இழுத்தாலும் அறுந்துவிடும். என் மனம் தங்கூசிப் பக்கம் சாய்வதற்கு இதுதான் முதல் காரணம்.

இரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவாயை விட்டு மீன் இரைக்கு மாறினால் நீலச்சுறா குறைவதாகச் சில கடல்களில் கண்டிருக்கிறார்கள். வேறு சில கடல்களில் அப்படித் தெரியவில்லை. எங்கள் படகு இரையைக் கிடைக்கிற விலைக்கு வாங்குகிறது. விலையை விட்டு இரையைத் தேர்வு செய்யும் நிலையில் நாங்கள் இல்லை. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆழம் கொஞ்சம் சுவாரசியமானது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே தாய்க்கயிறு தொய்ந்து தொங்கும். மிதவைக்குப் பக்கத்தில் உள்ள கொக்கிகள் மேலாக நிற்கும், நடுவில் உள்ளவை ஆழத்துக்குப் போகும். பட்டுச்சுறாவும், துடுப்பு நுனி வெளுத்த பெருங்கடல் சுறாவும் வெதுவெதுப்பான மேல்தண்ணீரிலேயே பெரும்பாலும் சுற்றும். ஆகவே மிதவையை ஒட்டிய முதல் சில கொக்கிகளைக் கட்டாமல் விட்டாலோ, மிதவைக்கயிற்றை நீட்டி எல்லாவற்றையும் கீழே இறக்கினாலோ, அந்த இரண்டு இனமும் குறைகின்றன. செலவும் பெரிதில்லை, கயிறு நீளம்தான்.

இடிக்கும் இடம் வேறு. கெலவல்லாவும் அதே மேல்தண்ணீர் ஆசாமிதான். பெரிய கண் சூரையைத் துரத்தும் பெரிய கப்பலுக்கு ஆழம் போவது லாபம். கெலவல்லாவை நம்பி ஐஸ் ஏற்றும் எங்களுக்கு அது தன் சோற்றுக் கோப்பையைத் தானே தள்ளிவிடுவது. அப்புறம் இன்னொரு சிக்கல். கசைவால் சுறா பகலில் ஆழத்தில் கிடந்து இரவில்தான் மேலே வருகிறது. பகலில் ஆழம் இறக்கினால் பட்டுச்சுறாவைக் காப்பாற்றிவிட்டுக் கசைவாலின் வாயில் கொக்கியைக் கொண்டுபோய்க் கொடுத்ததாகிவிடும். வாயில் என்று எழுதிவிட்டேன், உண்மையில் பல நேரம் வாலில். அந்த மீன் இரையை முதலில் தன் நீண்ட வாலால் அடித்து மயக்கிவிட்டுத்தான் தின்னும். அப்படி அடிக்கும்போது கொக்கி வாலிலேயே ஏறிவிடும். வாலில் மாட்டிய மீனைப் பின்னோக்கி இழுத்தால் செவுளில் தண்ணீர் ஓடாது, மேலே வரும்போது மூச்சு முட்டிச் செத்திருக்கும். மச்சான் இதைக் கையால் நடித்துக் காட்டித்தான் எனக்குப் புரியவைத்தார்.

அந்த மீனைத்தான் நம் நாட்டுச் சட்டம் 2012 முதல் தொடவே கூடாது என்கிறது. கசைவால் இனங்கள் மூன்றையும் பிடித்தால், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும், படகில் வைத்திருக்க முடியாது. 2015இல் வெண்ணுனிப் பெருங்கடல் சுறாவும் திமிங்கிலச் சுறாவும் அந்த வரிசையில் சேர்ந்தன. கசைவாலின் சர்வதேச வியாபாரத்துக்குக் கட்டுப்பாடு கேட்டு 2016இல் ஜொகனஸ்பேர்க் மாநாட்டில் முன்னின்று குரல் கொடுத்ததே இலங்கைதான் என்பது நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருக்கும் என்று நம்பவும் முடியாது. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நம் மீனைத் தடை செய்து, 2016 நடுப்பகுதியில்தான் நீக்கியது. அந்த இடைக்காலத்தில் கெலவல்லா விலை என்னவாக ஆனது என்பதைத் துறைமுகத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அந்தத் தடை வந்த பிறகுதான் படகுகளில் கண்காணிப்புக் கருவிகள் பரவலாக ஏறின.

மின்சாரம், காந்தம் என்று நவீன வழிகளும் உண்டு. சுறாவின் மூக்கைச் சுற்றி நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தண்ணீரில் மிகச் சிறிய மின்னோட்டத்தையும் அவை உணரும். இரை மணலுக்குள் ஒளிந்திருந்தாலும் அதன் தசைத் துடிப்பைக் கண்டுபிடிக்கும் புலன் அது. அந்தப் புலனையே குழப்பி விரட்டலாம் என்பதுதான் யோசனை. காந்தமும் அரிய உலோகத் துண்டுகளும் முதலில் வந்தன. தொட்டியில் வேலை செய்தது கடலில் நிச்சயமாக வேலை செய்யவில்லை. அந்த உலோகமும் உப்புத் தண்ணீரில் விறுவிறுவென்று கரைந்து போனது. பசித்த சுறா எதையும் பொருட்படுத்துவதில்லை.

அடுத்து வந்தது ஷார்க்கார்ட் என்ற பிரித்தானியக் கருவி. கொக்கிக்குச் சற்று மேலே கட்டும் சின்ன உருளை, உள்ளே மின்கலம், விட்டு விட்டு மின்துடிப்பு. 2021இல் தென் பிரான்ஸ் கடலில் சோதித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். நீலச்சுறா 91 வீதம், திருக்கை 71 வீதம் குறைந்தன. இந்த எண்ணைப் பார்த்ததும் என் தங்கை மகன், "மாமா, இதையே வாங்கிவிடலாமே" என்றான். பல்கலைக்கழகப் பையன், அவனுக்குக் கருவி என்றால் ஆசை. ஆனால் அதே சோதனையில் அவர்கள் தேடிப்போன சூரையும் கருவி உள்ள கொக்கியில் குறைவாகத்தான் ஏறியது. ஏறிய சூரையே மொத்தத்தில் கொஞ்சம் என்பதால் கருவியைக் குறை சொல்ல முடியாது என்கிறார்கள், அது உண்மையாகவே இருக்கலாம். என் கவலை அதைவிட எளியது. ஒவ்வொரு கொக்கிக்கும் ஒன்று வேண்டும். சுறா அறுத்துக்கொண்டு போனால் கொக்கியோடு அதுவும் போகும். இரவில் இழுத்து முடித்துக் களைத்துப்போன ஆட்கள் நூற்றுக்கணக்கான உருளைகளைக் கழற்றிச் சார்ஜ் போட்டு அடுக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓட டீசல் வேண்டும், 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் இன்னும் மறக்கவில்லை. பணக்கார நாட்டின் அரசாங்கம் செலவைத் தாங்கினால் நல்ல கருவிதான். எங்களுக்கு இப்போது வேண்டாம்.

சுறாக் கூட்டத்தில் விழுந்துவிட்டால் இடத்தை விட்டு நகர்வது என்பதும் ஒரு வழி. வானொலியில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டால் பலன் தரும். ஆனால் மீன் கிடைக்கும் இடத்தை எந்தத் தண்டல்காரரும் வானொலியில் சொல்லமாட்டார், சுறா கிடைக்கும் இடத்தைச் சொன்னால் அதுவும் ஒரு துப்பாகிவிடும். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

விடுவிப்பதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் மேலே சொன்ன எதைச் செய்தாலும் சில சுறா ஏறத்தான் போகிறது. தடைசெய்த இனம் என்றால் விடுவிப்பது சட்டக் கடமை. இங்கே தேவைப்படுவது நீண்ட கம்பின் நுனியில் பொருத்திய ஒரு கத்தி. அவ்வளவுதான், பட்டறையில் செய்துகொள்ளலாம். சுறாவைப் படகுக்குள் தூக்கக் கூடாது. வாலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது. தண்ணீரில் அது தன் எடையைத் தாங்கவேண்டிய அவசியமில்லாமல் வாழும் உடம்பு, தூக்கினால் உள்ளுறுப்புகள் நசுங்கும். கொழுவியால் குத்தக் கூடாது. பக்கவாட்டில் தண்ணீரிலேயே நிறுத்தி, கொக்கிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட இழையை வெட்ட வேண்டும்.

அந்தக் "கிட்ட" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரத்தில் படகோரத்திலேயே வெட்டிவிட்டால் பத்து மீட்டர் தங்கூசியை இழுத்துக்கொண்டு அது போகும். அந்த இழை எங்காவது சிக்கும், துடுப்பில் சுற்றும், நாட்கணக்கில் களைப்பாக்கிக் கொல்லும். ஹவாயில் விடுவித்த சுறாக்களில் அடையாளக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்தபோது, நீளமான இழையோடு போனவை பிழைப்பது குறைந்தது தெரியவந்தது. வெண்ணுனிப் பெருங்கடல் சுறாவுக்கு ஒரு மீட்டருக்குள் வெட்டுவதே அங்கே விதி. இனத்துக்கு இனம் வித்தியாசமும் இருக்கிறது. நீலச்சுறா முரட்டு உயிர், பெரும்பாலும் உயிரோடே மேலே வரும். கொம்பன் சுறா மாட்டிக் கொஞ்ச நேரத்திலேயே செத்துவிடும், அதை விடுவிக்கிறேன் என்பது பெரும்பாலும் பிணத்தை விடுவிப்பதுதான். அதற்கு ஒரே வழி ஏறாமல் பார்த்துக்கொள்வது. மறுபடி தங்கூசிக்கே வந்து நிற்கிறேன்.

இதற்கிடையே ஒன்று. நம் பலநாள் படகுகள் பல, தூண்டிலோடு வலையும் ஏற்றிப் போகின்றன. வலையை விரித்துவிட்டால் கம்பியும் தங்கூசியும் ஒன்றுதான், சுறா வலையில் சுற்றிக்கொண்டு வரும். தூண்டிலைத் திருத்திவிட்டு வலையைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது அரை வேலை. மச்சான் வலையை விட்டுச் சில காலமாகிறது, அதனால் எங்கள் கணக்கு கொஞ்சம் சுலபம்.

இப்போது என் கடைக்கு வருகிறேன். ஹவாய்க்காரர்கள் கம்பியைக் கழற்றியது சுலபம், ஏனென்றால் அங்கே சுறாவை வாங்க ஆளில்லை. அது அவர்களுக்கு வெறும் தொந்தரவு. இங்கே வாங்க ஆள் இருக்கிறது, அதில் நானும் ஒருவன். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு தோட்டங்களிலிருந்து இறங்கி வருகிறவர்கள் நெத்தலிக்கு அடுத்தபடி கேட்பது சுறாக் கருவாடு. காரணம் ருசி மட்டுமில்லை. அதில் முள் கிடையாது. கொழுந்து பறிக்கப் போகும் அம்மா அதை வேகவைத்து உதிர்த்து ரொட்டியோடு வைத்துவிட்டுப் போனால், பிள்ளை தானாகவே சாப்பிட்டுவிடும். தொண்டையில் முள் குத்துமே என்ற பயமில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா தேடி வருகிறவர்களும் உண்டு. பெரிய சுறாக்களில் பாதரசம் சேர்ந்திருக்கும், கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் அதைத் தவிர்ப்பது நல்லது என்று வெளிநாட்டு மருத்துவத் துறைகள் சொல்கின்றன. அதை நான் சொன்னால் வியாபாரி வேறு சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்று நினைக்கிறார்கள்.

நான் தடைசெய்யாத சுறாவை மட்டும் வாங்குகிறேன் என்று ஒரு காலம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் வியாபாரத்தில் இருக்கிறார்கள். துண்டு போட்டு உப்பேற்றிய பிறகு எது பட்டுச்சுறா, எது கசைவால் என்று கண்ணால் யாரும் சொல்ல முடியாது. முழு மீனாக, செட்டையோடு கரை சேர்க்க வேண்டும் என்ற விதி 2001இலிருந்தே இருக்கிறது. அதன் பயன் துறைமுகத்தோடு முடிந்துவிடுகிறது. மூட்டை மலையேறும்போது அதற்குப் பெயர் கருவாடு, அவ்வளவுதான். ஆகவே கடைக்காரனுக்கு இருப்பது இரண்டு வழி. எந்தப் படகிலிருந்து வந்தது என்று சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குவது, அல்லது பெரிய துண்டுச் சுறாவை நிறுத்திவிட்டுக் கட்டா, பலயாக் கருவாட்டை முன்னால் வைப்பது. நான் இரண்டாவதை நோக்கி மெதுவாக நகர்கிறேன். மொத்தமாக நிறுத்தினால் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள், சுறாவுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

சரி, முடிவு. மாற்றுவதில் முதலிடம் தங்கூசிக்கு. கடலிலும் கணக்கிலும் ஒரே நேரத்தில் பலன் தருவது அது ஒன்றுதான், அதைச் செய்ய யாருடைய நல்ல மனதையும் நம்பவேண்டியதில்லை. கம்பு நுனிக் கத்தி இரண்டு செய்துகொள்வதைத் தெரிவு என்றே நான் எண்ணவில்லை, அது சட்டம் கேட்பது. கொக்கியில்தான் எனக்கும் மச்சானுக்கும் இன்னும் இழுபறி. சுறா மட்டும்தான் கவலை என்றால் பழைய ஜே கொக்கியே தங்கூசியோடு நன்றாக வேலை செய்யும். ஆனால் எங்கள் கடலில் ஆமையும் மாட்டுகிறது. ஆமை மாட்டினால் மச்சானுடைய ஆட்களுக்கே மனம் கேட்பதில்லை. அதனால் நான் வட்டக் கொக்கி என்கிறேன். கூடுதலாக மாட்டும் சில சுறாவைத் தாடையில் மாட்டிய நிலையில் உயிரோடு விடுவித்துவிடலாம் என்பது என் வாதம். அந்த நேரத்தை இழுக்கும்போது யார் தருவது என்பது அவருடைய வாதம். இந்தத் தடவை அவர் சொன்னபடி ஜே கொக்கி, இரும்பில். மிதவைக்கயிற்றை நீட்டவில்லை. அதற்குப் பதில் மிதவையை ஒட்டிய ஒரு கொக்கியை மட்டும் இரு பக்கமும் கட்டாமல் விடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார், கெலவல்லா குறைகிறதா என்று பார்க்க.

முழுத் தூண்டிலுக்கும் ஒரே அடியாகத் தங்கூசி வாங்கவும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் கம்பித் துண்டுகளை வைத்து, அவுஸ்திரேலியாவில் செய்தது போல முதல் பயணத்தில் ஒரு கிளை கம்பி, அடுத்த கிளை தங்கூசி என்று மாற்றி மாற்றிக் கட்டுகிறார்கள். முதல் பாதி கம்பி, பின்பாதி தங்கூசி என்று கட்டியிருந்தால் ஒரு பக்கம் சுறாக் கூட்டத்தில் விழுந்துவிட்டாலே கணக்குப் பிசகிவிடும். படகில் எழுதத் தெரிந்த பையனிடம் ஒரு பள்ளிக் கொப்பி கொடுத்திருக்கிறேன். கம்பிக்கு ஒரு பக்கம், தங்கூசிக்கு எதிர்ப்பக்கம், ஒவ்வொன்றிலும் நான்கு கோடு: சூரை, சுறா, வேறு, அறுந்தது. அந்த நான்காவது கோட்டை மறக்காமல் நிரப்பச் சொல்லித்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அறுந்த கிளையை எழுதாவிட்டால் எத்தனை கொக்கி போனது என்ற மச்சானுடைய கேள்விக்குப் பதில் கிடைக்காது. மிச்சத் தங்கூசிச் சுருளுக்கு அந்தக் கொப்பியைப் பார்த்த பிறகுதான் காசு கட்டுவேன்.